தீ தொடாத நாற்பத்தொரு பேர்

அடுப்பு மூன்றாவது முறை அணைந்தபோது பூங்கோதைக்கு இயந்திரத்தின் மேலிருந்த சந்தேகம் போய், உள்ளே படுத்திருந்தவர் மேல் சந்தேகம் வந்தது.

படுத்திருந்தவர் பெயர் சின்னத்துரை. வயது ஐம்பத்தொன்று. பனியன் கம்பெனியில் முப்பது வருடம் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவர். மாரடைப்பு. திருப்பூருக்குத் தெற்கே ஊத்துக்காட்டுப் புதூரில் இருக்கும் எரிவாயு மயானத்துக்கு அவரைக் காலை பதினொரு மணிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த மயானத்தில் ஒன்பது வருடமாக அடுப்பை இயக்குகிறவள் பூங்கோதை. ஓர் உடம்புக்கு ஒன்றேகால் மணி நேரம், எண்ணூறு டிகிரி. முள் எங்கே நிற்க வேண்டும், காற்றை எப்போது கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்கே தெரியும்.

அன்றைக்கு முள் முந்நூறைத் தாண்டவில்லை. இருபதாவது நிமிடத்தில் பர்னரின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. சுடர் இல்லையென்றால் எரிவாயுக் குழாய் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. மறுபடி பற்றவைத்தாள். பத்து நிமிடம் எரிந்து மறுபடி அடங்கியது. சிலிண்டர்கள் நிறைந்திருந்தன. அவளோடு வேலை செய்யும் ரங்கராசு, அறுபதைத் தாண்டியவர், வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவது முறை அணைந்த பிறகு கதவைக் கொஞ்சம் தூக்கி உள்ளே பார்த்தார்கள்.

சின்னத்துரை வெள்ளையாக இருந்தார். தலையிலிருந்து கால்வரை நுரை பூத்து, அது இறுகி, பஞ்சு வைத்துத் தைத்த உறைபோல அவரை மூடியிருந்தது. மேலே கிடந்த மாலையும் வேட்டியும் கருகிப் போயிருந்தன. அவர் கருகவில்லை. நுரைக்கு அடியில் மூக்கும் நெற்றியும் மேடாகத் தெரிந்தன.

"இதென்ன அம்மிணி, போர்வை போத்துனாப்ல இருக்குது," என்றார் ரங்கராசு.

சின்னத்துரையின் அண்ணன் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் பார்த்துவிட்டார். வெளியே போய், காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "தீயே வாங்க மாட்டேங்குது. என்ன பாவம் பண்ணுனானோ, அவனுக்குத்தான் தெரியும்."

சின்னத்துரையின் மனைவி யாரையும் பார்க்காமல் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். விறகு அடுக்கிப் பார்த்தார்கள். விறகும் பாதியில் அணைந்தது. கடைசியில் மயானத்துக்குப் பின்னால், வேலிக்காத்தான் மண்டிக்கிடந்த புறம்போக்கில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள். மூத்த மகளுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் அந்த மாதமே நின்றுபோனதாகப் பூங்கோதை பிறகு கேள்விப்பட்டாள்.

சர்வீஸ் ஆள் வந்து அடுப்பை முழுக்கச் சோதித்தான். உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட்டினால் கால் மணி நேரத்தில் எண்ணூறைத் தொட்டது. "அடுப்புல ஒரு கோளாறும் இல்லீங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது உடம்பு. பள்ளிக்கூட ஆசிரியை, நாற்பத்தேழு வயது. அடுப்பு அணைந்தது. பூங்கோதை கதவைத் தூக்கிப் பார்த்தாள். அதே வெள்ளை. வெளியே அந்த ஆசிரியையின் புருஷனும் மகனும் மொட்டை அடித்த தலையோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் வெளியே வந்தாள். என்ன சொல்வதென்று யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

"ஆச்சுங்க. சாம்பல நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்குங்க."

அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உச்சி வெயிலில் ரங்கராசு குழி வெட்டினார். பூங்கோதை வேலிக்காத்தான் விறகை எரித்துச் சாம்பலாக்கி, யாரும் வாங்க வராமல் கிடந்த பழைய சாம்பலிலிருந்து நாலு எலும்புத் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டு, மண்கலயத்தின் வாயில் மஞ்சள் துணி கட்டினாள்.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் மாதத்துக்கு ஒருவர், பிறகு இருவர், பிறகு வாரத்துக்கு ஒருவர். எல்லாரும் ஊருக்குள் வாழ்ந்தவர்கள். தோட்டங்காட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒழுங்காக எரிந்தார்கள். மயானத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் சோறு வைக்கும்போது அடுப்புச் சுடரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சுடர் கொஞ்சம் அசைந்தால் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பாள். அவர்கள் கனவில் வந்ததில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். பஸ் வந்துவிடும் என்று சொல்லி நிறுத்தத்தில் உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டதைப்போல இருந்தது அவளுக்கு. அவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோபமும் படாமல், சொன்னதை நம்பிக்கொண்டு.

பதினாறு மாதத்தில் நாற்பது பேர் ஆயிற்று. நாற்பத்தொன்றாவது விஸ்வேஸ்வரன்.

ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். கோயம்புத்தூரில் இறந்து, சொந்த ஊரென்று இங்கே கொண்டுவந்திருந்தார்கள். அவர் மனைவி சௌதாமினிக்கு அறுபத்துமூன்று வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, பருத்திச் சேலை. மற்றவர்கள் மரத்தடியில் இருக்க, அவர் மட்டும் அடுப்பு அறையின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். பர்னர் இரைச்சல் நின்றதும் எழுந்து உள்ளே வந்தார்.

"அணைஞ்சிடுச்சா?"

"இல்லீங்கம்மா. இப்படித்தான் நின்னு நின்னு எரியும். நீங்க வெளிய இருங்க."

"சுடர் போயிடுச்சு. வால்வு மூடுற சத்தம் கேட்டுது. கதவைத் திறங்க."

"பாக்கக் கூடாதுங்கம்மா."

"நாப்பது வருஷம் அவரோட இருந்திருக்கேன். திறங்க."

அந்தக் குரலில் அதிகாரமும் இல்லை, அழுகையும் இல்லை. அதனாலேயே மறுக்க முடியவில்லை. ரங்கராசு கதவைத் தூக்கினார். சௌதாமினி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நீளக் கரண்டியை வாங்கி, கணவரின் கால்மாட்டில் உதிர்ந்து கிடந்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து, ஆறியதும் விரலிடுக்கில் வைத்து நசுக்கினார். அது நெறுநெறுவென்று பொடிந்தது.

சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனை பேர்?" என்று கேட்டார்.

பூங்கோதை பொய் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது உண்மை. "இவரோட நாப்பத்தொண்ணுங்க."

"இது நான் செஞ்சது," என்றார் சௌதாமினி.

துக்கத்தில் பேசுகிறார் என்றுதான் பூங்கோதை நினைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பி அதன் அடியைக் காட்டினார். வட்டத்துக்குள் 'கா' என்று பச்சை முத்திரை.

"காப்பு. தெரியுமில்ல?"

தெரியாதவர்கள் யார். சட்டம் வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. வயர், நாற்காலி, மெத்தை, திரைச்சீலை, பாலியெஸ்டர் நூல், பள்ளிக்கூடப் பை வரை அந்த முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. காப்பு உள்ள பொருளில் தீ வைத்தால் பிடிக்காது. குடிசை எரிந்து குடும்பத்தோடு செத்தார்கள் என்ற செய்தியையே ஜனங்கள் மறந்து போயிருந்தார்கள்.

"அதைக் கண்டுபிடிச்ச அஞ்சு பேர்ல நான் ஒருத்தி. மீன் முட்டை பார்த்திருப்பீங்க. அதை ஆயிரத்துல ஒரு பங்கா சின்னதாக்கின மாதிரி ஒரு உறை. உள்ள தீயை அணைக்கிற மருந்து. பிளாஸ்டிக்கை உருக்கும்போது அதுல கோடிக்கணக்கில கலந்துடுவோம். சும்மா இருக்கும். இருநூத்தறுபது டிகிரி சூடு பட்டா உறை உடைஞ்சு, மருந்து நுரைச்சுப் பொங்கி, மேல மூடி, தீயைத் திணறடிச்சிடும்."

"அது நாக்காலிக்குங்க. மனுசனுக்குள்ள எப்படிங்க?"

"தேய்மானம். நாற்காலி தேயுது, வயர் தேயுது, துணி நூல் நூலா உதிருது. எல்லாம் தூசி. மூச்சுல போகும், சோத்துல போகும். பிளாஸ்டிக் போயிடும், உறை மட்டும் போகாது. கொழுப்புல போய்த் தங்கிடும். அது எங்களுக்குத் தெரியும். எலிக்குக் கொடுத்துப் பார்த்தோம், மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தோம். ஒண்ணும் ஆகல. உறை உடையணும்னா இருநூத்தறுபது டிகிரி வேணும். உயிரோட இருக்கிற உடம்பு அந்தச் சூட்டை எங்க பார்க்கப் போகுது, அதனால உயிருள்ளவர்களுக்குத் தீங்கற்றதுன்னு எழுதினேன். என் கையால எழுதின வரி அது."

"செத்த ஒடம்பு பாக்குமுங்களே."

சௌதாமினி கைக்குட்டையில் அந்த வெள்ளைப் பொடியை முடிந்துகொண்டிருந்தார்.

"மறுபடி மறுபடி சூடு காட்டுனா எரியாதுங்களா?" என்று ரங்கராசு கேட்டார்.

"மேல் அடுக்கு நுரைச்சா சூடு உள்ள போகாது. உள்ள இருக்கிறது அப்படியே காத்துட்டிருக்கும். இன்னும் ரெண்டு மடங்கு சூடு வச்சாலும் அதேதான். நாங்க நல்லா செஞ்சிட்டோம்."

வெளியே விஸ்வேஸ்வரனின் தம்பிகள் குரல் கேட்டது. பூங்கோதை சௌதாமினியின் முகத்தைப் பார்த்தாள். அவர் எழுந்து வாசலுக்குப் போனார். "ஆச்சு. சாம்பல் நாளைக்குக் காலையில தருவாங்களாம்," என்றார். பதினாறு மாதமாகத் தான் சொல்லிவரும் அதே வார்த்தைகள் இன்னொரு வாயிலிருந்து வருவதைப் பூங்கோதை அன்றைக்குத்தான் கேட்டாள். கேட்க எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எல்லாரும் போன பிறகு மூன்று பேருமாக அவரைப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். சௌதாமினி தன் கையாலேயே மண்ணைத் தள்ளினார். வேலிக்காத்தான் வெட்டிய அந்த வெளியில் நாற்பது மண்மேடுகள் வரிசையாகவும் வரிசை தப்பியும் கிடந்தன. எந்த மேட்டில் யார் என்று பூங்கோதை பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

"இதை நான் வெளிய சொல்லணும்," என்றார் சௌதாமினி.

"சொன்னா என்னங்க ஆகும்?"

"விசாரணை வரும். காப்பை நிறுத்தச் சொல்லுவாங்க. வீட்டுல இருக்கிறதெல்லாம் திரும்ப எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க."

"மெத்தையெல்லாமுங்களா?"

"எல்லாந்தான். ஏன்?"

பூங்கோதை மண்வெட்டியைக் கீழே வைத்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னாள். அவள் மகள் இதழினிக்கு அப்போது பத்தொன்பது வயது. நூல் மில் விடுதியில் தங்கி ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி ஷிப்ட் பெண்கள் நூற்றெண்பது பேர் பகலில் தூங்குகிற கூடம். பிற்பகல் இரண்டு மணிக்கு யாருடைய போனோ வெடித்தது. தீப்பொறி மெத்தையில் விழுந்தது. கூடத்தின் கதவு வெளியே பூட்டியிருந்தது.

"பூட்டியிருந்துச்சுங்க. பொண்ணுங்க ஓடிப் போயிருமாம். தீ ஏறுச்சுங்க, ரெண்டு செகண்டு. அப்பறம் வெள்ளையா நுரை வந்து அதுவா அமுங்கிருச்சு. உள்ளங்கை அகலம்தான் கருக்கல். நான் போய்ப் பாத்தேன். என்ற பொண்ணு பக்கத்து மெத்தைல ஒக்காந்து தலை சீவிட்டிருந்தா." பூங்கோதை மூச்சு வாங்கினாள். "செத்தவீங்க எரியலீன்னு உசுரோட இருக்கறவீங்கள எரிய வுடப் போறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க சொல்ல வேண்டாமுங்க. அப்படித்தான் ஆகும். பூட்டு எங்கயும் மாறல. பூட்டு இன்னும் அங்கயேதான் இருக்குது."

சௌதாமினி கணவரின் மேட்டுப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். போகும்போது, "உங்களுக்கு இவங்க நினைப்பு வர்றதில்லையா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவை பத்த வெக்கறப்பவும் வருது," என்றாள் பூங்கோதை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மகளைப் பார்க்கப் போனாள். இதழினி இப்போது அதே மில்லில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளி. கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள், கலயத்தில் போட்ட எலும்புத் துண்டுகள் வரை. இதழினி டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னய நெனச்சுத்தான் வாயத் தொறக்காம இருக்கியாம்மா?"

"பின்ன யார நெனச்சு கண்ணு?"

"அந்தப் பூட்டுக்கு நாங்க கேஸ் போட்டுக் கழட்ட வெச்சோம். உனக்குத் தெரியாது, நீ கேக்கவும் இல்ல. இந்த மில்லுல கழட்டியாச்சு, மத்த மில்லுல கழட்டணும்." ஆறிய டீயைத் தள்ளிவைத்துச் சொன்னாள்: "காப்பு வேணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியலம்மா. அதப் படிச்சவங்க பேசட்டும். ஆனா நான் பொழச்சதுக்கு அந்த நாப்பதுபேரு வீட்டுல பொய்ச் சாம்பல வாங்கிட்டுப் போகணுமா? எனக்கு அது வேண்டாம். சொல்லிப்போட்டுப் பொழைக்கலாம்."

பூங்கோதை திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள்.

பத்தாம் நாள் சௌதாமினி மயானத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். அடுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து, காப்பைச் செய்யும் தன் பழைய கம்பெனிக்குப் போய்வந்த கதையைச் சொன்னார்.

"அவங்களுக்கு நாலு வருஷமா தெரியும். கோப்பு போட்டு வச்சிருக்காங்க. நான் எழுதின வரியையே எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. 'உயிருள்ளவர்களுக்குத் தீங்கற்றது.' அந்த வரி பொய்யாகலையே மேடம், அதுக்கு அப்புறம் நடக்கிறதுக்கு நம்ம பொறுப்பு எப்படின்னு ஒரு சின்ன வயசு வக்கீல் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுந்து வந்துட்டேன். அப்புறம் ஒரு காரியம் செஞ்சேன். வெளியூர் மயானங்களுக்கெல்லாம் போன் போட்டேன். புருஷன் செத்த பொம்பள, விவரம் கேக்கிறேன்னு. அடுப்பு நடுவுல அணையுமான்னு கேட்டேன். எட்டு இடத்துல போனை வச்சிட்டாங்க. ஒரு இடத்துல அந்த ஆள் பேசாமலே இருந்தாரு. பிறகு அழ ஆரம்பிச்சிட்டாரு. அவர் அடுப்புல மட்டும்தான் இப்படி நடக்குதுன்னு ரெண்டு வருஷமா நினைச்சிட்டிருக்காரு. அவரும் விறகுச் சாம்பல்தான் கொடுக்கிறாரு, பூங்கோதை. அந்த எட்டு பேரும் அதைத்தான் செய்யறாங்கன்னு நினைக்கிறேன்."

ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறையில் நிற்கும் கூட்டம் பூங்கோதையின் கண்ணில் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தனை பேரும் யாரோ எரித்த விறகைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எழுதுங்க," என்றாள். "நான் சாட்சி சொல்றேன். ஆனா பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி அந்த நாப்பது வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லணும். செருப்பால அடிச்சா வாங்கிக்கறேன்."

"நானும் வர்றேன்," என்றார் சௌதாமினி.

முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்று யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வீட்டுக்குப் போனார்கள். லோகநாதன், நாற்பத்துநாலு வயது, கட்டிங் மாஸ்டர். பதினாலு மாதத்துக்கு முன்னால் பைக்கில் போகும்போது லாரி இடித்துப் போனவர். அவர் மனைவி கனகமணி வரிசை வீடுகளில் ஒன்றில் வாசலுக்கு உட்புறம் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை. கதவு வழியாக வந்த வெயிலில் நூல் தூசி மிதந்துகொண்டிருந்தது. சௌதாமினி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூங்கோதை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அடுப்பு அணைந்தது, நுரை, குழி, சாம்பல். கனகமணி கத்தரியை நிறுத்தவில்லை. பூங்கோதை முடித்த பிறகும் இரண்டு பனியனுக்குப் பிசிறு வெட்டினாள். பிறகு கத்தரியை மடியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியுமுங்க."

பூங்கோதை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எங்கப்பனுக்குக் கரைச்சப்ப நான் கூட இருந்தனுங்க. அது அமுங்குச்சு. மண்ணாட்டம் அடியில போயிருச்சு. இவருக்குக் கரைச்சப்ப தண்ணி மேல மெதந்து மெதந்து போச்சு. வெறகுச் சாம்பல்தானுங்க மெதக்கும். அன்னாடம் வெறகடுப்புல ஆக்கி வளந்தவ நான், எனக்குத் தெரியாதுங்களா? ஆனா அவரு தம்பி, என்ற பையன், ஐயரு எல்லாம் நின்னாங்க. என்னன்னு கேக்கறது? பேசாம முங்கி எந்திரிச்சு வந்துட்டேன்."

"ஏனுங்க வந்து கேக்கல? மயானம் பக்கத்துலதான?"

"கேட்டா நீங்க என்ன சொல்லிப்போடுவீங்களோன்னு பயமுங்க. ஒடம்ப வித்துட்டாங்களோ, நாய் கீய் தின்னுருச்சோன்னு என்னென்னமோ நெனச்சுட்டேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னும் நெனச்சனுங்க. பதினாலு மாசமா."

பூங்கோதை அப்போதுதான் கீழே உட்கார்ந்தாள். பனியன் மூட்டையின் மேல் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினாள். கனகமணி அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, "எங்க வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று பெண்களும் நடந்தே போனார்கள். வெயில் சாய்ந்திருந்தது. வழியில் சௌதாமினி, காப்பைப் பற்றியும் தன்னைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். கனகமணி கேட்டுக்கொண்டே வந்தாள். "உங்க வூட்டுக்காரரும் அங்கதானுங்களா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றார் சௌதாமினி.

ரங்கராசு வேலிக்காத்தானை ஒதுக்கி வழிவிட்டார். லோகநாதனின் மேடு வடக்கு ஓரத்தில் இருந்தது. கனகமணி தலைமாடு எது என்று கேட்டு, அந்தப் பக்கமாக உட்கார்ந்தாள். மண்ணின் மேல் கை வைத்தாள். ஏதோ துணியை நீவிவிடுவதுபோல நீவினாள்.

"இந்நேரம் எலும்பாத்தான் இருப்பாருங்களா?"

சௌதாமினி, "ஒரு வருஷம் ஆயிடுச்சில்ல, மண்ணு..." என்று தொடங்கினார்.

"இல்லீங்க," என்றார் ரங்கராசு.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மிணிகிட்டகூட நான் சொல்லலீங்க. ஐப்பசி மழைல இந்த ஓரம் சரிஞ்சுபோச்சு. நாந்தான் மறுபடி மூடுனேன். அப்பப் பாத்தனுங்க. நுரை ஒரு பக்கம் பேந்திருந்துச்சு. உள்ள அப்படியே இருந்தாருங்க. தாடி மழிச்ச எடம் பச்சையாத் தெரிஞ்சுது. ஒரு புழு இல்ல, ஒரு வாடை இல்ல. தூங்கறாப்ல. அதுக்கப்பறம் இன்னொரு எடத்துலயும் கிளறிப் பாத்தனுங்க. அங்கயும் அதேதான். முதல்ல வெச்சாங்களே, சின்னத்துரை, அவரும்."

பூங்கோதை சௌதாமினியைப் பார்த்தாள். விளக்கம் கிடைக்கும் என்று நினைத்தாள். சௌதாமினி தன் கணவரின் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. அந்த மருந்தும் அந்த நுரையும் எதையெதை உள்ளே விடும், எதையெதை விடாது என்று அவர் கணக்கிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. பிறகு கணக்கு முடிந்ததும் தெரிந்தது, ஏனென்றால் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மண்ணும் எடுத்துக்காது," என்றார். "அதை நாங்க யோசிக்கவே இல்ல."

"எத்தன நாளைக்குங்க?" என்று கனகமணி கேட்டாள்.

"தெரியலம்மா. அந்த உறை எவ்வளவு நாள் தாங்கும்னு எங்களுக்கே தெரியாது. நூறு வருஷம் இருக்கலாம். மேலயும் இருக்கலாம்."

கனகமணியின் கை மண்ணின் மேலேயே இருந்தது. நீவுவது நின்றுவிட்டது. தூரத்தில் சாயப்பட்டறைச் சங்கு ஊதியது.

"எனக்கு இப்ப முப்பத்தொம்பதுங்க," என்றாள் கனகமணி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "நான் இன்னும் முப்பது வருசம் இருப்பேன். பல்லெல்லாம் போயி, மூஞ்சி சுருங்கி, கூன் வுழுந்து வருவேன். பக்கத்துல படுக்க வெப்பீங்க. அவரு நாப்பத்துநாலு வயசுலயே இருப்பாரு."

முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

"என்னைய அடையாளம் தெரியுமுங்களா அவருக்கு?"